தராசும் தாடையும்

கே: எடையைக் குறைத்துக்கொண்டு ரிங்கில் ஏறுகிறவன் நிஜமாகவே அடி தாங்க மாட்டானா? இல்லை, தோற்றவர்கள் சொல்லும் சாக்கா?
— முத்தியால்பேட்டை வாசகர்

ப: கொழுப்பைக் குறைத்துவிட்டு ஏறினால் தாங்குவான். தண்ணீரைக் குறைத்துவிட்டு ஏறினால் தாங்கும் சக்தி குறையும். தராசுக்கு இரண்டும் ஒரே கிலோதான். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

கே: "அவனுக்குத் தாடை கெட்டி" என்று பேசிக்கொள்கிறோம். தாடைக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்?
— நெல்லித்தோப்பு வாசகர்

ப: அடியைத் தாங்குவது தாடை எலும்பு அல்ல. தாடையில் பக்கவாட்டாக விழும் குத்து தலையைச் சட்டென்று திருப்பிவிடுகிறது. மண்டை ஓடு திரும்பிய வேகத்தில் உள்ளே இருக்கும் மூளையால் திரும்ப முடியாது. அது பின்தங்கி, இழுபட்டு, முறுக்கிக்கொள்கிறது. நினைவு தப்புவது அந்தக் கணத்தில்தான்.

இதை மட்டுப்படுத்த உடம்பிடம் மூன்று காவல்கள் உண்டு. முதலில் கண். குத்து வருவதைக் கடைசிக் கணத்தில் பார்த்துவிட்டால்கூடத் தலை கொஞ்சம் விலகும், உடம்பு தயாராகும். ஆளைப் படுக்க வைப்பது பெரும்பாலும் பார்க்காமல் வாங்கிய குத்து. பட்டினி கிடந்து, நா வறண்டு வந்தவனுக்குக் கவனம் மந்தமாகும். அடுத்தது கழுத்து. இறுகிய கழுத்து தலையை உடம்போடு சேர்த்துப் பிடிக்கும். களைத்த கழுத்து தலையைத் தனியே ஆடவிடும்.

மூன்றாவது, மூளையைச் சூழ்ந்திருக்கும் நீர். வளர்ந்தவர்களுக்கு அது சுமார் 150 மில்லிதான். ஆனால் 1,400 கிராம் மூளை அதில் மிதப்பதால் ஏறக்குறைய 50 கிராம் கனத்தைத்தான் காட்டுகிறது. உடம்பில் நீர் வற்றி ரத்தத்தில் உப்பு கூடும்போது மூளைத் திசுவிலிருந்தும் நீர் வெளியேறும், மூளை சற்றே சுருங்கும். முற்றிக் காய்ந்த தேங்காயை ஆட்டிப் பாருங்கள்: நீர் வற்றி, பருப்பு ஓட்டை விட்டு விலகிக் கடகடவென்று உள்ளே ஆடும். மனிதத் தலையில் நடப்பது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, ஆனால் நடக்கும் திசை அதுவே. மூளைக்கும் அதன் மேலுறைக்கும் குறுக்கே ஓடும் மெல்லிய சிரைகள் ஏற்கெனவே இழுபட்டிருக்கும் நேரத்தில் ஒரு நல்ல குத்து விழுந்தால் அவை அறுபடும் வாய்ப்பு கூடும் என்பது மருத்துவர்களின் கவலை. குத்துச்சண்டையில் நேர்ந்த மரணங்களுக்குப் பெரும்பாலும் காரணம், மேலுறைக்கு அடியில் இப்படிக் கசிந்து கட்டும் ரத்தம்தான்.

கே: இது நிரூபிக்கப்பட்டதா, ஊகமா? அறிவியல் மாணவி என்பதால் கேட்கிறேன்.
— லாஸ்பேட்டை கல்லூரி மாணவி

ப: கேட்க வேண்டிய கேள்வி, அம்மா. துண்டு துண்டாக நிரூபிக்கப்பட்டிருக்கிறது. நீர் இழந்தவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வுகள் சிலவற்றில் மூளையின் கன அளவு சற்றுக் குறைந்திருந்தது. சிலவற்றில் மூளையின் உள்ளறைகள் விரிந்திருந்தன. உடல் எடையில் 2 சதவீத நீர் போனாலே நீடித்து உழைக்கும் திறன் சரிகிறது என்பது பல முறை அளந்து பார்க்கப்பட்டது. எடை குறைத்து வந்த மல்யுத்த வீரர்கள் தலையில் அடிபடாமலேயே தலைவலி, தலைசுற்றல், தடுமாற்றம் என்று அடிபட்டவர்களின் அறிகுறிகளைச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் ரிங் ஓரத்து மருத்துவர் எது தாகம், எது மூளை அதிர்ச்சி என்று பிரித்தறிவதும் கடினமாகிறது.

ஒரே ஆளை நீரோடு ஒரு முறையும் நீர் இல்லாமல் ஒரு முறையும் நிற்க வைத்துத் தாடையில் குத்திப் பார்க்கும் சோதனையை எந்த ஆய்வகமும் செய்யாது, செய்யவும் கூடாது. அந்தக் கடைசிச் சான்றுக்குக் காத்திருந்தால் சான்று நம் பிள்ளைகளின் தலையிலிருந்துதான் வரும்.

கே: என் தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் படையில் பாக்சிங் ஆடியவர். "எங்க காலத்துல சண்டை அன்னிக்குக் காலையிலதான் எடை பார்ப்பாங்க" என்பார். இப்போது தொழில்முறைப் போட்டிகளில் முதல் நாளே பார்க்கிறார்களே, எது நல்லது?
— குருசுக்குப்பம் வாசகர்

ப: உங்கள் தாத்தா சொன்னது சரி. தொழில்முறைக் குத்துச்சண்டையில் 1980-களின் தொடக்கம் வரை சண்டை நாளன்று எடை பார்ப்பதே வழக்கம். 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மான்சினியோடு மோதிய தென்கொரிய வீரர் கிம் துக் கூ, மூளையில் ரத்தக்கட்டு ஏற்பட்டு சில நாட்களில் இறந்தார். லைட்வெயிட் எல்லைக்குள் இறங்க அவர் மிகவும் திணறியவர். அந்தச் சாவுக்குப் பிறகு விதிகள் குலுங்கின. 15 சுற்று உலகப் பட்டப் போட்டிகள் 12 சுற்றாகின. எடை பார்ப்பது முந்தைய நாளுக்குப் போனது. வற்றியவன் குடித்துத் தேறி வரட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான்.

நடந்தது வேறு. "ஒரு முழு நாள் இருக்கிறதே" என்று வீரர்கள் முன்னைவிட அதிகமாக வற்றத் தொடங்கினார்கள். 2000 பிப்ரவரியில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆர்த்துரோ காட்டிக்கும் ஜோயி கமாஷுக்கும் சண்டை. முதல் நாள் காட்டியின் எடை சுமார் 64 கிலோ என்று பதிவானது. சண்டை இரவில் தொலைக்காட்சிக்காரர்களின் தராசில் அவர் சுமார் 72.5 கிலோ, கமாஷ் 66-க்கும் கீழே. இரண்டாம் சுற்றில் கமாஷ் விழுந்தார். மூளையில் காயம். அதன் பிறகு அவர் ரிங்கில் ஏறவே இல்லை. எடை பார்த்த விதத்தில் மாநில விளையாட்டு ஆணையம் கவனக்குறைவாக இருந்தது என்று பத்து ஆண்டுகள் கழித்து நியூயார்க் நீதிமன்றம் சொன்னது.

ஆக, எடை குறைப்பு குறைத்தவனை மட்டும் ஆபத்தில் தள்ளுவதில்லை, எதிரில் நிற்பவனையும் தள்ளுகிறது. என் கட்சியைக் கேட்டால், உங்கள் தாத்தா காலத்து வழக்கத்தோடு உடம்பில் நீர் இருக்கிறதா என்ற சோதனையும் சேர வேண்டும் என்பேன். வெறுமனே காலையில் எடை பார்ப்பது போதாது. போதாது என்பதற்குக் கிம்மே சாட்சி.

கே: மேரி கோம் நான்கு மணி நேரத்தில் இரண்டு கிலோ குறைத்து, அன்றே களமிறங்கித் தங்கமும் வென்றாரே!
— வில்லியனூர் வாசகர்

ப: வென்றார். 2018 செப்டம்பர், போலந்து. விடிகாலையில் போய் இறங்கியவர், 48 கிலோ எல்லையைத் தொட ஒரு மணி நேரம் விடாமல் கயிறு தாண்டினார். அப்போதே ஐந்து முறை உலகச் சாம்பியன். அடி வாங்காமலே ஆட்டத்தை முடிக்கத் தெரிந்த கால்கள் அவருடையவை. அவருடைய துணிவை வணங்குகிறேன், ஆனால் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அதைப் பாடமாக்கக் கூடாது.

இன்னொரு உலகச் சாம்பியனையும் பாருங்கள். நிகத் ஜரீனின் எடைப் பிரிவு 52 கிலோ. பாரிஸ் ஒலிம்பிக்கில் அப்படி ஒரு பிரிவு கிடையாது; 50, அதை விட்டால் 54. அவர் 50-க்கு இறங்கினார். 2024 ஆகஸ்ட் 1 அன்று சீனாவின் வூ யூவிடம் 0-5 என்று தோற்றார். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை, தேறி வர நேரமில்லை என்று தோல்விக்குப் பின் சொன்னார். எதிரி நல்ல வீராங்கனை, தங்கமும் அவருக்கே போனது. நிகத் நிறையக் குடித்திருந்தாலும் தோற்றிருக்கலாம். ஆனால் இரண்டு முறை உலகை வென்ற பெண், ஆயுளுக்கும் காத்திருந்த நாளில் நா வறண்டு நின்றதை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

அதே வாரத்தில் வினேஷ் போகாட் 100 கிராம் கூடுதலால் மல்யுத்த இறுதிப் போட்டியை இழந்தது எல்லோருக்கும் தெரியும். நாடு முழுவதும் அந்த 100 கிராமைப் பற்றிப் பேசியது. அதற்கு முந்தைய இரவில் அவர் உடம்பிலிருந்து பிழிந்தெடுக்கப்பட்ட கிலோக்களைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை.

கே: எடையால் விழுந்து, எடையால் எழுந்த வீரர் யாராவது உண்டா?
— காரைக்கால் வாசகர்

ப: மேனி பாக்கியாவ். 1999 செப்டம்பரில் தாய்லாந்தில் ஃப்ளைவெயிட் பட்டத்தைக் காக்கப் போனவர், எல்லையைவிட ஒரு பவுண்டு கூடுதலாக இருந்து தராசிலேயே பட்டத்தை இழந்தார். சண்டையில் மூன்றாம் சுற்றில் வயிற்றில் வாங்கிய குத்தில் உட்கார்ந்துவிட்டார். வற்றிய உடம்புக்கு வயிற்றுக் குத்தும் எமன்தான். அதன் பிறகு கீழே இறங்கும் முயற்சியை விட்டுவிட்டு மேலே போனார். 2001-இல் பத்துப் பவுண்டு கூடிய பிரிவில் உலகப் பட்டம், பிற்பாடு மொத்தம் எட்டு எடைப் பிரிவுகளில் பட்டம். ஆளும் அதே ஆள், தாடையும் அதே தாடை. வயிறு நிறையச் சாப்பிட விட்டார்கள், அவ்வளவுதான்.

கே: சார்பட்டா பரம்பரை படத்தில் கபிலன் தொப்பையோடு இருந்து மெலிகிறானே, அதுவும் எடை குறைப்புதானே?
— அரியாங்குப்பம் வாசகி

ப: அது வேறு. கபிலன் குடியால் கெட்ட உடம்பைப் பீடி ராயப்பனிடம் போய் உழைத்துத் திரும்பப் பெறுகிறான். வியர்வையோடு கொழுப்பு கரைகிறது, தசை ஏறுகிறது. அப்படிக் குறைந்தவன் முன்னைவிட நன்றாகவே அடி தாங்குவான். நாம் பயப்படுவது கடைசி மூன்று நாள் வேலைக்கு.

கே: என் மகன் பதினேழு வயசு. போட்டி வந்துவிட்டால் விடியற்காலையில் ரெயின்கோட் போட்டுக்கொண்டு கடற்கரைச் சாலையில் ஓடுகிறான். வாய் கொப்பளித்துத் துப்புகிறானே தவிர ஒரு மடக்கு உள்ளே விடுவதில்லை. கேட்டால் "எல்லாரும் செய்றதும்மா" என்கிறான். நான் என்ன செய்ய?
— வைத்திக்குப்பத்திலிருந்து ஒரு தாய்

ப: அம்மா, முதலில் அந்த ரெயின்கோட்டை எடுத்து ஒளித்துவையுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, உலர்வதால்தான் குளிர்கிறது. கடலோர ஊரான நம் பாண்டியில் விடிகாலைக் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும், வியர்வை லேசில் உலராது. பிளாஸ்டிக்குக்குள் அறவே உலராது. வெளியேற வழியில்லாத சூடு உள்ளேயே ஏறும். ரத்தத்தில் நீர் குறையக் குறைய இதயம் வேகமாக அடிக்க வேண்டிவரும். உள் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வெப்பத் தாக்கு. அது சிறுநீரகத்தையும் தசையையும் மூளையையும் ஒன்றாகத் தாக்கும்.

1997 நவம்பர், டிசம்பரில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் இப்படித்தான் இறந்தார்கள். மூவரும் வெவ்வேறு கல்லூரி, யாருக்கும் வயது 22-ஐத் தாண்டவில்லை. ஆவி போகாத உடையை மாட்டிக்கொண்டு சூடான இடத்தில் உடற்பயிற்சி செய்து எடை குறைத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டிருந்தால் அவர்களும் "எல்லாரும் செய்வதுதான்" என்றே சொல்லியிருப்பார்கள். அதன் பிறகுதான் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் ரப்பர் உடைக்கும் நீராவி அறைக்கும் தடை வந்தது. பருவம் தொடங்கும்போதே சிறுநீரைச் சோதித்து, ஒவ்வொருவரும் எந்த எடைக்குக் கீழே இறங்கக் கூடாது என்று எழுதிவைக்கும் முறையும் வந்தது.

மகனிடம் "பாக்சிங்கை விடு" என்று சொல்லாதீர்கள், கேட்க மாட்டான். "எந்த எடையில் இருக்கிறாயோ அந்த எடையில் ஆடு" என்று சொல்லுங்கள். அவனுடைய வாத்தியாரிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள். வளரும் பிள்ளையின் எடை கூடுவது தவறில்லை, அது வளர்ச்சி. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர்ந்து, வாடை தூக்கலாக இருந்தால் அன்று ஓட்டமும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்.

கே: மருந்துக் கடையில் லேசிக்ஸ் மாத்திரை வாங்கிப் போட்டால் ஒரே இரவில் இறங்கிவிடுமாமே?
— மூலகுளம் வாசகர்

ப: எடையும் இறங்கும், பொட்டாசியமும் இறங்கும், இதயத் துடிப்பும் தாளம் தப்பலாம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் அது இருக்கிறது. பிடிபட்டால் ஆடும் உரிமை போகும், பிடிபடாவிட்டால் அதைவிடப் பெரியது போகலாம்.

கே: தலைக்காப்பு போட்டால் மூளைக்குப் பாதுகாப்புதானே?
— கடலூர் வாசகர்

ப: புருவம் கிழியாது, காது தப்பும். தலை திரும்பும் வேகத்தை அது நிறுத்தாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் தலைக்காப்பு இல்லாமலே ஆடினார்கள்.

கே: எடை பார்த்து முடித்ததும் மூன்று நான்கு லிட்டர் குடித்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடாதா?
— ரெட்டியார்பாளையம் வாசகர்

ப: தராசில் ஆகிவிடும். உடம்புக்குள் அவ்வளவு சீக்கிரம் ஆகாது. மூன்று கிலோ வியர்த்து இழந்தவன் அதை ஈடுகட்ட நாலரை லிட்டர் வரை குடிக்க வேண்டும். குடித்ததில் ஒரு பங்கு சிறுநீராகப் போய்விடும். வயிறு மணிக்குச் சுமார் ஒரு லிட்டரைத்தான் கீழே அனுப்பும். நம் பிள்ளைகள் ஆடும் அமெச்சூர் போட்டிகளிலோ காலையில் எடை, சில மணி நேரத்தில் சண்டை. வென்றால் அடுத்த சண்டை நாளன்றும் எடை பார்ப்பார்கள், மறுபடி வற்ற வேண்டும். வாரம் முழுக்கத் தண்ணீர்ப் பஞ்சத்தில் நாலைந்து பேரிடம் அடி வாங்குவது என்றால் யோசித்துப் பாருங்கள்.

வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அது வேறு ஆபத்து. ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம், உப்புப் போட்ட கஞ்சியும் நல்லதே. ஊசி வழியாக ஏற்றிக்கொள்ளலாமா என்றால், மருத்துவமனைச் சிகிச்சை தவிர 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் ஏற்றுவது தடை செய்யப்பட்டது.

கே: சண்டை முடிந்து நடந்தே வீட்டுக்கு வந்தவன் ராத்திரி தலைவலி என்றால் மாத்திரை கொடுத்துத் தூங்க வைக்கலாமா?
— உப்பளத்திலிருந்து ஒரு அப்பா

ப: கூடாது, ஐயா. தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ, எழுப்ப எழுப்பக் கண் சொருகினாலோ, ஒரு கண் பாவை மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தாலோ விடியும் வரை காத்திருக்காதீர்கள். நரம்பியல் அறுவைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்கு, நம் ஊரில் கோரிமேடு ஜிப்மருக்கு, அந்த நேரமே வண்டியை எடுங்கள். மூளைக்கு வெளியே கசியும் ரத்தம் சில சமயம் மணிக்கணக்கில் மெதுவாகச் சேரும், நடந்து வந்தவன் என்பது எதையும் உறுதிசெய்யாது. 2022 ஆகஸ்டில் சென்னையில் நடந்த தேசிய கிக்பாக்சிங் போட்டியில் தலையில் அடிபட்ட அருணாசலப் பிரதேச இளைஞர் ஒருவர், அரசுப் பொது மருத்துவமனையில் இரண்டாம் நாள் இறந்தார். அவருக்கு வயது 24.

கே: முப்பது வருடமாகப் பையன்களுக்குச் சொல்லித் தருகிறேன். எடையைக் குறைக்காமல் போனால் என் பையன் தன்னைவிட ஐந்து கிலோ பெரியவனிடம் மாட்டுவான். மற்றவர்கள் குறைக்கும்போது நான் மட்டும் யோக்கியனாக இருந்து பிள்ளையை அடி வாங்க விடுவதா?
— புதுச்சேரியிலிருந்து ஒரு வாத்தியார்

ப: வந்ததிலேயே நேர்மையான கடிதம் உங்களுடையது. நீங்கள் சொல்வது உண்மை. ஒருவர் மட்டும் நிறுத்தினால் அவருடைய பிள்ளைதான் இழப்பைச் சுமக்கும். அதனால்தான் இதை வீரனின் மனசாட்சிக்கு விடக் கூடாது, விதியாக்க வேண்டும் என்கிறேன்.

வழி இருக்கிறது. சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன் சாம்பியன்ஷிப் அமைப்பில் மோத வந்த யாங் ஜியான் பிங் என்ற 21 வயதுச் சீன வீரர், 2015 டிசம்பரில் மணிலாவில் எடை குறைக்கும்போது சுருண்டு விழுந்து இறந்தார். அதன் பிறகு அந்த அமைப்பு எடையோடு சேர்த்துச் சிறுநீரின் அடர்த்தியையும் பார்க்கத் தொடங்கியது. வற்றிய உடம்போடு வந்தால் தராசு சரியாகக் காட்டினாலும் தேர்வு இல்லை. அந்தச் சோதனைக்குப் பெரிய கருவி தேவையில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒளிவிலகல்மானி போதும். ஒரு சொட்டுச் சிறுநீர், சில நொடிகள். ஒரு மாவட்டப் போட்டிக்கு வாங்கும் கோப்பைகளின் செலவில் ஒன்றை ஒதுக்கினால் வாங்கிவிடலாம்.

உங்களைப் போன்ற வாத்தியார்கள் நாலு பேர் சேர்ந்து சங்கத்திடம் இதைக் கேட்டு எழுதுங்கள். அதுவரை உங்கள் கையில் இருக்கும் ஒன்றைச் செய்யுங்கள்: போட்டி வாரத்தில் எவன் எடையும் 2 சதவீதத்துக்கு மேல் நீரால் இறங்கக் கூடாது என்று வகுத்துவிடுங்கள். 60 கிலோ பையனுக்கு அது 1.2 கிலோ. அதற்கு மேல் இறங்க வேண்டியிருந்தால் அவன் அந்தப் பிரிவுக்காரன் அல்ல. எடைப் பிரிவுகள் வந்ததே சின்னவனைப் பெரியவனிடமிருந்து காக்கத்தான், வாத்தியாரே.

கே: வயது 20. இப்போது 69.5 கிலோ. இன்னும் நான்கு வாரத்தில் போட்டி. 65-இல் இறங்கினால் பதக்கம் நிச்சயம் என்கிறார்கள். 70-இல் போனால் எல்லாரும் என்னைவிடக் கனமாக இருப்பார்களே என்று பயமாக இருக்கிறது.
— முதலியார்பேட்டை வீரர்

ப: கணக்குப் போடுவோம், தம்பி. நன்றாகச் சாப்பிட்டு, பயிற்சியும் கெடாமல் வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை கொழுப்பைக் கரைக்கலாம். நான்கு வாரத்தில் அதிகம் போனால் மூன்று கிலோ. அதுவும் கரைக்க அவ்வளவு கொழுப்பு இருந்தால்தான். எல்லாம் சரியாக நடந்தாலும் 66.5. மீதி ஒன்றரை கிலோவைத் தண்ணீரில்தான் எடுப்பீர்கள், ஒவ்வொரு சண்டை நாள் காலையிலும் திரும்பத் திரும்ப. அது வாத்தியாருக்கு மேலே சொன்ன 2 சதவீதத்தைத் தாண்டுகிறது.

70-இல் பெயரைக் கொடுங்கள். எதிரில் நிற்பவர்கள் கனமாக இருக்கலாம். அவர்களில் பாதிப் பேர் முந்தின ராத்திரி ஒரு மடக்குத் தண்ணீருக்கு ஏங்கிக் கிடந்தவர்களாக இருப்பார்கள். மூன்றாம் சுற்றில் உங்கள் கால் நகரும், அவர்களுடையது நகராது. 65 பிரிவு ஆசை இருந்தால் அடுத்த ஆண்டுக்கு இப்போதே தொடங்குங்கள். நாலு மாதம் இருந்தால் போதும், ஒரு சொட்டுத் தண்ணீரையும் மறுக்க வேண்டியிராது.